ஓப்பன் சோர்ஸில் எங்கே தொடங்குவது? பண்ணைக்காட்டிலிருந்து கேட்ட தம்பிக்கு

கேள்வி: "அக்கா, எனக்கு ஊர் கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு. பி.சி.ஏ. மூன்றாம் ஆண்டு. பைத்தான் ஓரளவு வரும், கிட் கொஞ்சம் தெரியும். ஓப்பன் சோர்ஸில் பங்களிக்க ஆசை. ஆனால் வீட்டில் மொபைல் ஹாட்ஸ்பாட்தான், லேப்டாப்பில் 4 ஜிபி ராம்தான். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருக்கிறது. 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று தேடினால் எல்லாவற்றையும் ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது? இதனால் வேலை கிடைக்குமா?"

தம்பி, அந்த "குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" தேடலைக் கொஞ்ச நாளைக்கு மூடி வைத்துவிடுங்கள். ஓப்பன் சோர்ஸ் என்றால் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். அப்படிப்பட்ட திட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளர்கள், பிழைகளும் வேண்டுகோள்களும் பதிவாகும் இஷ்யூக்களில் புதியவர்களுக்கு ஏற்றவை மீது நல்ல எண்ணத்தோடு ஒட்டும் அடையாளம்தான் அது. ஆனால் உலகம் முழுக்க மாணவர்கள் அதே வார்த்தையைப் போட்டுத் தேடுகிறார்கள். பிரபலமான திட்டம் என்றால், இஷ்யூ வந்த வேகத்திலேயே நாலு பேர் "எனக்குக் கொடுங்கள்" என்று எழுதிவிடுவார்கள். கிடைத்தாலும் ஒரு சங்கடம் இருக்கிறது. நீங்கள் ஒருநாளும் பயன்படுத்தாத மென்பொருளில், யாருக்கோ வந்த பிழையை, அது ஏன் தொல்லை என்றே புரியாமல் திருத்த உட்காருவீர்கள். பாதியில் சலித்துவிடும்.

இந்தத் துறையில் நிலைத்து நின்றவர்களில் நான் பார்த்த பெரும்பாலானோர் வேறு வழியில் வந்தவர்கள். தாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒன்றில் ஏதோ உறுத்தியது, அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். நீங்களும் உங்கள் போனிலும் லேப்டாப்பிலும் என்னென்ன ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஃபயர்பாக்ஸ், வி.எல்.சி., லிப்ரே ஆஃபிஸ், விக்கிப்பீடியா செயலி, நெட் இல்லாமல் வரைபடம் பார்க்க ஆஸ்ம்அண்ட். பைத்தானே ஓப்பன் சோர்ஸ்தான். பிப் என்ற கருவி மூலம் நீங்கள் இறக்கும் நிரலகங்களில், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளில், அநேகமும் அப்படித்தான். இவற்றில் எது உங்களைப் படுத்துகிறது? அங்கே தொடங்குங்கள்.

நீங்கள் குறையாகச் சொன்னவை எனக்குக் குறையாகத் தெரியவில்லை. தமிழில் தட்டச்சு செய்பவர், சிக்னல் விட்டு விட்டு வரும் மலையில் இருப்பவர், சின்ன லேப்டாப் வைத்திருப்பவர். நல்ல வேகமான இணையத்தோடு பெங்களூரிலோ பெர்லினிலோ உட்கார்ந்து நிரல் எழுதுகிறவர் கண்ணில் படாத பிழைகள் உங்கள் கண்ணில் தினமும் படும். ஒன்றைக் காட்டுகிறேன்.

பைத்தானைத் திறந்து "கொடைக்கானல்" என்ற சொல்லின் நீளத்தை லென் ஃபங்ஷனிடம் கேளுங்கள். கொ, டை, க், கா, ன, ல் என்று நமக்கு அது ஆறு எழுத்து. பைத்தான் 11 என்று சொல்லும். கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் முறையில் கொ, டை போன்ற உயிர்மெய்களுக்குத் தனி எண் கிடையாது. க ஒரு குறியீடு, அதோடு சேரும் ஒகரக் குறி இன்னொரு குறியீடு, புள்ளி இன்னொன்று. அதுவரை சரி. அடுத்ததுதான் முக்கியம். ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியீடாகவும் வைக்கலாம், முன்னால் வரும் ஒற்றைக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். இரண்டாவது விதத்தில் அதே சொல்லின் நீளம் 12. திரையில் மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியாது. ஆனால் நிரலுக்கு இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதைதான்.

இப்போது ஒரு நோட்ஸ் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கட்டுரையையோ, பி.டி.எஃப். கோப்பிலிருந்து நகலெடுத்ததையோ அதில் ஒட்டுகிறீர்கள். அதில் "கொடைக்கானல்" இரண்டாவது விதத்தில் இருந்தால், நீங்கள் கீபோர்டில் தட்டித் தேடும்போது அந்தக் குறிப்பு அகப்படாது. கண்ணெதிரே இருக்கிற சொல், தேடினால் இல்லை என்று வரும். நிறைய செயலிகள் குறிப்புகளை எஸ்.க்யூ.லைட் என்ற தரவுத்தளத்தில் வைக்கின்றன, அது இந்த இரண்டு வடிவங்களையும் தானாக ஒன்றாக்கிக்கொள்ளாது. செயலியை எழுதியவர் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்திருந்தால் இப்படி ஒரு சிக்கல் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

நீங்கள் பயன்படுத்தும் செயலிகளில் இதைச் சோதித்துப் பாருங்கள். எதிலாவது பிடிபட்டால், புதியவர் செய்யக்கூடிய அருமையான பங்களிப்பு உங்கள் கையில் இருக்கிறது. முதலில் பிழை அறிக்கை. தலைப்பில் ஒரே வரியில் விஷயம் இருக்கட்டும்: உயிர்க்குறி பிரிந்த வடிவில் சேமிக்கப்பட்ட தமிழ்ச் சொல் தேடலில் கிடைப்பதில்லை. "தமிழ் சரியாக வேலை செய்யவில்லை" என்று தலைப்பிட்டால் அதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. உள்ளே, என்னென்ன செய்தால் பிழை வரும் என்று வரிசையாக எழுதுங்கள். பராமரிப்பாளருக்குத் தமிழ் தெரியாது. அதனால் இரண்டு வடிவங்களையும் தனித்தனியே கொடுத்து, நகலெடுத்து ஒட்டினாலே பிழை தெரியும்படி செய்யுங்கள். குறியீட்டு எண்களையும் சேர்த்துவிடுங்கள். எதை எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, செயலியின் பதிப்பு எண், ஆண்ட்ராய்டு பதிப்பு. அவ்வளவு போதும். அறிக்கை போடுவதற்கு முன், இதே பிழையை வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று பழைய இஷ்யூக்களில், மூடப்பட்டவற்றையும் சேர்த்து, தேடிவிடுங்கள்.

இதற்கான திருத்தம் பல நேரம் சின்னதாகத்தான் இருக்கும். சேமிக்கும் சொல்லையும் தேடும் சொல்லையும் ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். யூனிகோட் இதற்கு என்.எஃப்.சி. என்று ஒரு வடிவத்தை வரையறுத்திருக்கிறது. பைத்தானில் யூனிகோட்டேட்டா மாட்யூலில் இருக்கும் நார்மலைஸ் ஃபங்ஷன் இதைச் செய்யும். ஆண்ட்ராய்டு செயலிகள் எழுதும் ஜாவாவிலும் கோட்லினிலும் இதற்கு ஆயத்த வசதி உண்டு. ஆனால் எங்கே மாற்றுவது என்பதில்தான் யோசனை வேண்டும். பயனர் எழுதியதையே மாற்றிச் சேமிப்பதா, தேடலுக்கு மட்டும் தனியாக ஒரு வடிவம் வைத்துக்கொள்வதா? ஏற்கெனவே சேமித்த பழைய குறிப்புகளை என்ன செய்வது? இதைப் பராமரிப்பாளரிடம் இஷ்யூவிலேயே கேட்டுவிட்டு, அவர் சொல்லும் வழியில் எழுதுங்கள். கூடவே இரண்டு வடிவங்களையும் ஒப்பிட்டுச் சோதிக்கும் ஒரு சின்ன நிரல், அதாவது டெஸ்ட், எழுதுங்கள். அந்த டெஸ்ட் இருந்தால், நாளைக்கு வேறொருவர் நிரலை மாற்றி எழுதும்போது இந்தப் பிழை மறுபடி நுழையாது. என்னைக் கேட்டால், திருத்தத்தைவிட அந்த டெஸ்ட்தான் பெரிய பங்களிப்பு.

இதே வகையில் இன்னும் நிறைய இருக்கிறது. இடம் போதாதபோது சொல்லை நடுவில் வெட்டும் செயலிகள் சில நேரம் புள்ளியைத் தனியாக வெட்டிவிடும். "கொடைக்" என்று நிற்க வேண்டியது "கொடைக" என்று நிற்கும். நீளமான தமிழ்ச் சொல் பட்டனுக்குள் அடங்காமல் வெளியே வழியும். வரி இடைவெளி குறைவாக இருந்தால் இகர, ஈகாரக் கொக்கிகள் மேல் வரியோடு உரசும். கண்ணில் பட்டதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஆங்கிலத் தயக்கத்துக்கு வருகிறேன். பிழை அறிக்கைக்கு இலக்கிய ஆங்கிலம் தேவையே இல்லை. இந்தத் திட்டங்களில் இருப்பவர்களில் ஏராளமானோருக்கு ஆங்கிலம் தாய்மொழி கிடையாது. சின்னச் சின்ன வாக்கியங்களுக்கு அவர்கள் எல்லாருமே பழகியவர்கள். இதைச் செய்தேன், இது வந்தது, இது வர வேண்டும். இந்த மூன்றையும் தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் போதும். "மதிப்பிற்குரிய ஐயா" என்று கடிதம் போல ஆரம்பிக்க வேண்டாம், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதவும் வேண்டாம். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு வாக்கியத்தைச் சரிபார்ப்பதில் தப்பில்லை. ஆனால் சாட்பாட் எழுதித் தரும் நிரலை, உங்களுக்கே புரியாமல், உங்கள் பெயரில் அனுப்பாதீர்கள். "இந்த வரி எதற்கு?" என்று மறுபக்கம் கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்லியாக வேண்டும். கர்ல் என்ற மென்பொருளின் பராமரிப்பாளர்கள், ஏ.ஐ. கருவிகள் கற்பனையாக எழுதிய பாதுகாப்புப் பிழை அறிக்கைகளால் தங்கள் நேரம் எவ்வளவு வீணாகிறது என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். சில திட்டங்கள் ஏ.ஐ. உதவி பற்றித் தனி விதி வைத்திருக்கின்றன. முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

இணையம், லேப்டாப் விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வழிகாட்டிகள் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட், 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுதியது. முழு வரலாறும் உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கும். பிராஞ்ச் (தனிக் கிளை) போடுவது, கமிட் செய்வது (மாற்றத்தைப் பதிவது), பழைய மாற்றங்களைப் பார்ப்பது எதற்குமே நெட் வேண்டாம். முதலில் இறக்கவும், கடைசியில் புஷ் செய்யவும் (மாற்றங்களை அனுப்பவும்) சிக்னல் கிடைத்தால் போதும். நடுவில் மழைக்கு டவர் போய்விட்டாலும் உங்கள் வேலை நிற்காது.

தொல்லை அந்த முதல் இறக்கத்தில்தான். கிட் குளோன், அதாவது திட்டத்தின் நகலை இறக்குவது, பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பெரிய திட்டங்களில் இது ஜிபி கணக்கில் ஓடும். இதற்கு இரண்டு வழி இருக்கிறது. டெப்த் 1 என்று சேர்த்துக் குளோன் செய்தால் கடைசி நிலையை மட்டும் இறக்கும், வரலாறு வராது. ஃபில்டர் என்ற விருப்பத்தில் பிளாப் நன் என்று கொடுத்தால் கமிட் வரலாறு முழுக்க வரும், பழைய கோப்புகளின் உள்ளடக்கம் மட்டும் தேவைப்படும்போது வரும். பைத்தான் நிரலகங்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அவற்றில் பல, கிட்டில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒட்டிய டேக்குகளைப் பார்த்துத் தங்கள் பதிப்பு எண்ணைக் கணக்கிடுகின்றன. முதல் வழியில் டேக்குகள் வராததால் பதிப்பு எண் தப்பாக வந்து, நிறுவும்போதே சம்பந்தமில்லாத பிழைச் செய்தி காட்டும். புதியவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குத்தான் எதுவும் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

4 ஜிபி ராமில் ஃபயர்பாக்ஸையோ லிப்ரே ஆஃபிஸையோ கம்பைல் செய்ய முயல வேண்டாம். அந்தத் திட்டங்களில் ஆர்வம் இருந்தால் மொழியாக்கம், சோதனை, ஆவணம் பக்கம் போகலாம். நிரல் எழுத ஆசையென்றால் சிறிய, நடுத்தர பைத்தான் நிரலகம் ஒன்றைப் பிடியுங்கள். டெஸ்ட் அத்தனையையும் ஓட்டாமல் நீங்கள் தொட்ட கோப்புக்கான டெஸ்ட்டை மட்டும் பைடெஸ்ட் என்ற கருவியில் ஓட்டலாம். மீதியை, வரும் மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் திட்டத்தின் சி.ஐ. சர்வர் பார்த்துக்கொள்ளும். திட்டங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில், முதல்முறை பங்களிப்பவரின் புல் ரெக்வெஸ்ட்டுக்கு (என் மாற்றத்தைச் சேருங்கள் என்ற வேண்டுகோளுக்கு), பராமரிப்பாளர் அனுமதித்தால்தான் சி.ஐ. ஓடும் என்று பல திட்டங்களில் வைத்திருப்பார்கள். மஞ்சள் குறியோடு அப்படியே நின்றால் பதற வேண்டாம்.

திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பிடித்தவர்கள் போட்ட ஸ்டார் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். மூடப்பட்ட புல் ரெக்வெஸ்ட்டுகளைத் திறந்து படியுங்கள். ஒரு சாயங்காலம் முழுக்க அதையே செய்தாலும் தகும். வெளியாள் ஒருவர் கடைசியாக அனுப்பியது எப்போது சேர்க்கப்பட்டது? தப்பாகச் செய்தவரிடம் எப்படிப் பேசியிருக்கிறார்கள்? என்ன காரணம் சொல்லி மறுத்திருக்கிறார்கள்? அந்த வீட்டு மனுஷர்களின் சுபாவம் அங்கேதான் தெரியும். யாருமே பதில் சொல்லாத திட்டமென்றாலும், புதியவரிடம் சிடுசிடுக்கும் திட்டமென்றாலும் வேறிடம் பாருங்கள். உரிமக் கோப்பு இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அது இல்லையென்றால் நிரல் வெளியே தெரிந்தாலும் சட்டப்படி அது ஓப்பன் சோர்ஸ் கிடையாது. எப்படிப் பங்களிப்பது என்று சொல்லும் கான்ட்ரிபியூட்டிங் என்ற கோப்பு இருந்தால் வரி விடாமல் படியுங்கள். கமிட்டில் "சைன்ட் ஆஃப் பை" என்ற வரி வேண்டும் என்றால் அதையும் சேர்த்துவிடுங்கள். இந்த நிரலைத் தர எனக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள் கொடுக்கும் உறுதிமொழி அது.

"இதை எனக்கு அசைன் பண்ணுங்கள்" என்று மட்டும் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நம் ஊர் மாணவர்களிடம் இது நிறைய இருக்கிறது, பராமரிப்பாளர்கள் இதனால் சோர்ந்துபோயிருக்கிறார்கள். அதற்குப் பதிலாக, "பிழை என் கணினியிலும் வந்தது, இந்தக் கோப்பில் இந்த ஃபங்ஷனில் காரணம் இருக்கும் போலத் தெரிகிறது, இப்படிச் சரிசெய்யலாமா?" என்று எழுதுங்கள். அதைப் படிப்பவர் உங்களை ஒரு கூட்டாளியாகப் பார்ப்பார். பரிசு டீ-ஷர்ட்டுக்காகவும் எண்ணிக்கைக்காகவும் அனுப்புவதையும் விட்டுவிடுங்கள். அக்டோபரில் ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் 2014-இல் நல்ல நோக்கத்தோடு தொடங்கியது. 2020-இல் டீ-ஷர்ட்டுக்காக ஆவணத்தில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பும் குப்பை பெருகி, சம்மதம் தெரிவிக்கும் திட்டங்கள் மட்டும்தான் கணக்கில் வரும் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. 2024-இல் எக்ஸ்பிரஸ் என்ற வலை நிரலகத் திட்டத்தில், ஒரு பயிற்சி வீடியோவைப் பார்த்துவிட்டு ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கூட்டம் கூட்டமாக அனுப்பினார்கள். அதைச் சுத்தம் செய்தவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள்.

அனுப்பிய பிறகு காத்திருங்கள். ஒரு புல் ரெக்வெஸ்ட்டில் ஒரு மாற்றம் மட்டும் இருக்கட்டும். போகிற போக்கில் வேறு கோப்பின் ஸ்பேஸ்களைச் சரிசெய்யாதீர்கள். ஒன்றிரண்டு வாரம் பதில் இல்லையென்றால் பணிவாக ஒரு வரி நினைவூட்டலாம். திருத்தச் சொல்லிப் பத்து குறிப்பு வந்தால் அது நல்ல சேதி, உங்கள் நிரலை ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்று அர்த்தம். அதே திட்டத்திலேயே இரண்டாவது, மூன்றாவது வேலையையும் பாருங்கள். முதல் தடவை கட்டமைப்பு புரிவதற்கே பாதி நேரம் போகும். அடுத்த தடவை அந்தச் செலவு இருக்காது.

பைத்தான் தெரியும் என்பதால் நம் மலையோடு தொடர்புள்ள ஒரு திசையும் சொல்கிறேன். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் ஒளித்தட்டுகளில் எடுத்த சூரியப் படங்கள் இருக்கின்றன. அவற்றை டிஜிட்டல் வடிவுக்கு மாற்றி ஆய்வாளர்களுக்குத் தருகிறது இந்திய வானியற்பியல் நிறுவனம். சூரியத் தரவுகளைப் படித்து அலசும் சன்பை என்ற பைத்தான் நிரலகம் முழுக்க ஓப்பன் சோர்ஸ், புதியவர்களுக்கு வழிகாட்டும் பழக்கம் உள்ளது. இயற்பியல் தெரியாவிட்டாலும் ஆவணத்தில் இருக்கும் உதாரண நிரல்களை ஓட்டிப் பார்த்து, எது ஓடவில்லை, எந்த விளக்கம் புரியவில்லை என்று சொல்லலாம். ஊரில் அப்படி ஒரு ஆய்வகம் இருக்கும்போது நம் பிள்ளைகள் யாராவது அந்த வழியில் போனால் எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கும்.

நிரலே வேண்டாம் என்று தோன்றும் நாட்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கிறது. 2004-இல் தொடங்கிய இந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆஸ்ம்அண்ட் போன்ற செயலிகள் காட்டுவது இந்தத் தரவைத்தான். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, மங்களம்கொம்பு பக்கத்துச் சாலைகள், பஸ் நிறுத்தங்கள், பள்ளி, ரேஷன் கடை, ஊர்களின் தமிழ்ப் பெயர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நேரில் பார்த்ததை மட்டும் சேர்க்க வேண்டும். கூகுள் மேப்பைப் பார்த்து நகலெடுக்கக் கூடாது, உரிமம் அனுமதிக்காது. காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகளில் கூடுதல் கவனம் வேண்டும். அனுமதி இல்லாமல் போகக் கூடாத பாதை என்றால் அதற்கான குறிச்சொல்லைக் கட்டாயம் போடுங்கள். நீங்கள் வரைந்த கோட்டை நம்பி ஒரு சுற்றுலாக் குடும்பம் யானை நடமாடும் இடத்துக்குள் போய்விடக் கூடாது.

கடைசியாக, வேலை. நேரடியாகக் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் நேர்முகத் தேர்வில் "பைத்தான் தெரியும்" என்று சொல்வதைவிட, ஒரு பிழையைக் கண்டுபிடித்து, விவாதித்து, விமர்சனத்தை ஏற்றுத் திருத்தி, சேர்க்க வைத்த இணைப்பு ஒன்றைக் காட்டுவது பலமானது. நீங்கள் மனிதர்களோடு எப்படி வேலை செய்கிறீர்கள் என்பது அதில் தேதியோடு பதிவாகியிருக்கும். உதவித்தொகையோடு செய்ய வழிகளும் உண்டு. கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடக்கிறது. 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களும் சேரலாம், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அவுட்ரீச்சி என்ற பயிற்சித் திட்டம் ஆண்டுக்கு இரண்டு முறை வரும், துறையில் பின்தங்க வைக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமை தரும். இரண்டிலும் விண்ணப்பத்தின் மொழிநடையைவிட, அந்தத் திட்டத்தில் ஏற்கெனவே என்ன செய்திருக்கிறீர்கள் என்பதற்குத்தான் எடை அதிகம். சம்மர் ஆஃப் கோட்டில் பங்கேற்கும் அமைப்புகளின் பட்டியல் வழக்கமாக பிப்ரவரியில் வரும், விண்ணப்பம் மார்ச், ஏப்ரல் வாக்கில். அதற்குச் சில மாதம் முன்பே ஒரு திட்டத்துக்குள் நுழைந்து இரண்டு மூன்று சின்ன வேலைகளை முடித்திருந்தீர்கள் என்றால், உங்கள் விண்ணப்பத்தைப் பிரிக்கும்போது அங்கே இருப்பவர்களுக்கு உங்கள் பெயர் புதிதாக இருக்காது.